மார்கழிக் காலையில் காட்டுப்பூ எண்ணுவது எப்படி

“என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டியளா?”

முதன்முதலாகப் பூ தேடக் கிளம்பிய மார்கழியில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. குளத்தங்கரையில் முக்கால் மணி நேரமாகக் குனிவதும் நிமிர்வதுமாக நின்றவனைப் பார்த்து, ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு இளவட்டம் கேட்டார். “பூ பாக்கேன்” என்றேன். “பூவா? இங்கன ஏது பூ?” என்று சுற்றிலும் பார்த்தார். அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்திருந்தது. காட்டினேன். “இது ஆடு திங்கிற செடில்லா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பூ என்றால் நமக்கு மல்லி, பிச்சி, கேந்தி. முழம் போட்டு விற்கிற பூ. காலடியில் சட்டைப் பித்தானை விடச் சிறியதாகப் பூப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கில் வராத பூக்களைப் பற்றியது. ஒரு காலையில், ஒரே இடத்தில், தானாக முளைத்துப் பூத்திருக்கும் செடிகள் எத்தனை வகை என்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தாவர ஆர்வலர்கள் 2012 முதல் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் இதை ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஒரு நடைக்கு அதிகபட்சம் 3 மணி நேரம், மலர்ந்திருக்கும் காட்டுச் செடிகளை மட்டும் எண்ண வேண்டும் என்பது அவர்கள் விதி. அங்கே அப்போது கடுங்குளிர். லண்டனில்கூட டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. டெய்சி, டேன்டேலியன் மாதிரி தாக்குப்பிடிக்கிற சில செடிகளைத் தேடித் தேடி எண்ணுவார்கள். அவர்களுக்குப் பூ கிடைப்பது கஷ்டம். நமக்கோ கிடைத்ததை எல்லாம் எண்ணி முடிப்பது கஷ்டம்.

காரணம் மழை. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, மலை மறைவில் கிடக்கும் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் காற்றும் புழுதியும்தான். அந்த மண்ணுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடுகிறது. மார்கழி பிறக்கும்போது குளங்களில் தண்ணீர், நஞ்சையில் பிசானம் என்கிற மழைக்காலப் போக நெல், தரிசில் பச்சை. பகல் எவ்வளவு குறைந்தாலும் திருநெல்வேலியில் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. குளிர் என்று நாம் போர்த்திக்கொள்வதைப் பார்த்தால் வெளியூர்க்காரர் சிரிப்பார். மழைக்கு முளைத்த பூண்டுகளுக்கு இது குளிர்காலமே இல்லை. பங்குனி வெயில் சுடுவதற்குள் பூத்து, காய்த்து, விதை கொட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவை நிற்கின்றன. அதனால்தான் எல்லைகளைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன். எல்லை இல்லாமல் போனால் முதல் நாளே தலை சுற்றிவிடும்.

நாள் குறிப்பது

மார்கழி பிறந்ததிலிருந்து பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வரை எந்த நாளும் நல்ல நாள். அதைத் தாண்டவிடாதீர்கள். வாசலில் செருகுவதற்காகக் கண்ணுப்பீளையையும் ஆவாரையையும் அறுத்துக் கட்டுக் கட்டாகச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாலையோரம் மொட்டையாகிவிடும். கண்ணுப்பீளை என்று நான் சொல்வது சிறுபீளை. பூளைப்பூ, பொங்கல்பூ என்றும் சொல்வார்கள்.

மழை விட்ட மறுநாள் போக வேண்டாம். ஏழெட்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போனால் பூ அதிகம், சகதி குறைவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மார்கழியில் நான் வழக்கமாகப் போகும் ஆற்றங்கரையில் வண்டலும் கிழிந்த சேலைகளும் பிளாஸ்டிக் குடங்களும்தான் கிடந்தன. எண்ணிக்கைக்கு வழியில்லை. அப்படிப்பட்ட வருடம் மேட்டு நிலத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

இடம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, பாபநாசத்துக்கோ மணிமுத்தாறுக்கோ வண்டியை விடுவது. பூ என்றால் மலை என்று மனதில் பதிந்திருக்கிறது. அந்த மலைக்காடு களக்காடு முண்டந்துறை, 1988 முதல் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, செடியைக் கிள்ளவும் கூடாது. அதோடு, அங்கே மரமும் கொடியுமாகப் பார்ப்பதெல்லாம் புதுசாக இருக்கும். எழுத்துப் பழகாத பிள்ளையிடம் பெரிய புராணத்தைக் கொடுத்த கதையாகிவிடும்.

உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். திருநெல்வேலி நகரத்தில் இருந்தால் நயினார்குளம், வேய்ந்தான்குளம் என்று பக்கத்திலேயே இருக்கிறது. குளத்தங்கரையை நான் சொல்வதற்குக் காரணம், அங்கே தண்ணீர், ஈரமண், காய்ந்த கரைச்சரிவு என்று மூன்று நிலம் அடுத்தடுத்து இருக்கும். மறுகால் ஓடையும் கூடக் கிடைத்தால் இன்னும் விசேஷம். அரை கிலோமீட்டர் நீளக் கரை போதும். நம்புங்கள், அதையே முடிக்க மாட்டீர்கள்.

இரண்டாவது நடைக்கு ஆற்றங்கரை. தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் நாணலும் பொடுதலையும் கிடைக்கும். மூன்றாவதாகப் பிசான வயல் வரப்பு. வரப்பில் போவதாக இருந்தால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ஈர வரப்பு கால் பட்டால் இடியும், அதைச் சேறு அணைத்துக் கட்டியவருக்குத்தான் அந்த வலி தெரியும். களைக்கொல்லி அடித்த வரப்பாக இருந்தால் மஞ்சளாகக் கருகிக் கிடக்கும். அங்கே நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

பொத்தை என்கிற சிறு குன்று, தேரி என்கிற செம்மணல் மேடு, கரிசல் தரிசு எல்லாம் அடுத்தடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேரம்

காலை ஏழரைக்குத் தொடங்கி பத்து மணிக்கு முடிக்க வேண்டும். மொத்தம் 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, காலையில் இரண்டரை மணி நேரத்தை மட்டும் செலவழியுங்கள். மீதி அரை மணி நேரத்தை மடியில் முடிந்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பூக்களுக்குக் கடை திறக்கிற நேரம், மூடுகிற நேரம் உண்டு. விஷ்ணுகிராந்தி வெயில் ஏறும்போது விரியும், உச்சிக்குள் மூடிக்கொள்ளும். கானாவாழையின் நீலப்பூ மதியத்துக்குள் கரைந்து கூழாகிவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் போய் “ஒன்றுமே இல்லையே” என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். குளத்து அல்லி இதற்கு நேர்மாறு. இரவில் விரிந்து, காலை வெயில் ஏற ஏறக் கூம்பும். ஆகவே நடை வரிசை இப்படி: முதலில் தண்ணீர் ஓரம் போய் அல்லியைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஈரமண். கடைசியாக வெயில் விழுந்து சூடேறிய கரைச்சரிவு.

பையில் என்ன

நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மார்கழிப் பனியில் மை ஊறிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமலும் பூ எண்ணலாம், ஆனால் பாதி வேடிக்கை போய்விடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். பலரும் லென்ஸைப் பூவின் மேல் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது. செல்போன், தண்ணீர், தலைக்குத் துண்டு.

பேன்ட் போட்டு, மூடிய செருப்பு அணிந்து போங்கள். வேட்டியோடு போனால் நாயுருவி பாதி வேட்டியை எழுதி வாங்கிக்கொள்ளும். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். புல் அடர்ந்த இடத்தில் கால் வைக்கும் முன் தரையில் நாலு தட்டு தட்டினால் பாம்பு இருந்தால் விலகிப் போகும்.

எது கணக்கில் சேரும்

விரிந்த பூ மட்டும். மொட்டு சேராது, காயும் சேராது. பூவுக்குள் மகரந்தத்தாளோ சூலகமுடியோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த விதியைக் கெடுபிடியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

நட்டு வளர்த்தது சேராது. நால்வழிச்சாலை நடுவில் வரிசையாக நிற்கும் அரளி, கோயில் நந்தவனம், வேலியோரக் காகிதப்பூ எல்லாம் வெளியே. குப்பைமேட்டில் தானாக முளைத்துப் பூத்த பூசணி? வாசல் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைப்பதற்குப் பூசணிப்பூ தேடுகிற மாதம் இது, அதனால் இந்த வழக்கு வருடா வருடம் வரும். நான் சேர்ப்பேன். என்னோடு வருகிற நண்பர் சேர்க்க மாட்டார். பனையைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்காதீர்கள். அது காட்டு மரமா, வைத்த மரமா என்று இறங்கினால் நம்ம ஊரில் பொழுது விடிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவை சேரும். உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமையுடை என்கிற சீமைக்கருவேலம் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அழைக்காமல் வந்தாலும் தானாகத்தானே பூத்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு ‘வெ’ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எத்தனை ‘வெ’ என்று பார்த்தால் கொஞ்சம் திக்கென்றிருக்கும்.

ஒரு வகையை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். ஆயிரம் தும்பை நின்றாலும் ஒன்றுதான்.

பைய நடங்கள்

குளக்கரையில் இறங்கியதும் பத்து அடி நடந்து நின்றுவிடுங்கள். உட்காருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும் வட்டத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். நின்று பார்க்கும்போது வெறும் புல்லாகத் தெரிந்ததில் நாலைந்து வகைப் பூ இருக்கும். மறுபடி பத்து அடி. இப்படியே போக வேண்டும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதலில் கண்ணில் படுவது தும்பையாக இருக்கும். வெள்ளை உதடு தொங்கவிட்ட பூ, தண்டைச் சுற்றி உருண்டையாகக் கூடி இருக்கும். சின்ன வயதில் பிடுங்கித் தேன் உறிஞ்சியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

அடுத்தது தாத்தாப்பூ. வெட்டுக்காயப்பூண்டு, மூக்குத்திப்பூண்டு என்றும் சொல்வார்கள். நீண்ட காம்பின் நுனியில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிறிய இதழ். “தாத்தா தாத்தா” என்று பாடிக் கட்டைவிரலால் தலையைத் தெறிக்கவிடுவோமே, அதுதான். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு கூடை. நடுவிலுள்ள ஒவ்வொரு மஞ்சள் குழலும் தனிப்பூ, ஓரத்து இதழ் ஒவ்வொன்றும் தனிப்பூ. லென்ஸில் பார்த்தால் விளங்கும். கரிசலாங்கண்ணி, பூவாங்குருந்தல், பார்த்தீனியம் எல்லாம் இதே குடும்பம்.

நாயுருவி ஒரு நல்ல வாத்தியார். அதன் நீண்ட கதிரைப் பிடித்துக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் தலைகீழாகக் கவிழ்ந்து துணியில் ஒட்டும் காய்கள், நுனியில் மூடிய மொட்டுகள், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பட்டை அளவுக்கு மட்டும் விரிந்த பூக்கள். பச்சையும் ஊதாவும் கலந்த நட்சத்திரம் மாதிரி இருக்கும். நாளாக ஆகப் பூக்கும் பட்டை மேலே நகர்ந்துகொண்டே போகும். கதிராகப் பூக்கிற எந்தச் செடியானாலும் இப்படி மொட்டும் பூவும் காயும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், உங்கள் எண்ணிக்கையில் கள்ளக்கணக்கு வராது.

குப்பைமேனியைப் பூ இல்லாத செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். இலைக்கக்கத்திலிருந்து எழும் கதிரில் சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள் பல் பல்லாக விளிம்பு வைத்து இருக்கும். கிண்ணத்துக்குள்ளே இருப்பதுதான் பெண்பூ. நூல் மாதிரி எட்டிப்பார்க்கும். கீழாநெல்லியில் இலை வரிசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பூ அடியில் தொங்கும், பெயரே அதைத்தானே சொல்கிறது. அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி இவையெல்லாம் இந்த ‘உட்கார்ந்தால்தான் தெரியும்’ கூட்டம். புல்லும் பூக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அருகு, கோரை, மயில்கொண்டைப்புல் மூன்றையும் லென்ஸில் பாருங்கள், மகரந்தப்பை காற்றில் ஆடுவது தெரியும்.

கானாவாழைக்கு வருவோம். நீலத்தில் இரண்டு இதழ் பெரிதாக, படகு மாதிரி மடிந்த ஒரு மடலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். மாட்டுக்கு அறுத்துப் போடுகிற சாதாரணச் செடி. ஆனால் இது மேலே பூப்பது போதாதென்று மண்ணுக்குள்ளேயும் பூ வைக்கும். அந்தப் பூ விரியவே விரியாது. வெளிச்சம் பார்க்காமல், வண்டு வராமல், தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்துவிடும். மேலே மாடு மேய்ந்துவிட்டால் கீழே கையிருப்பு இருக்கட்டும் என்ற ஏற்பாடு. முதல் தடவை இதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் ஆச்சி அரிசிப்பானைக்குள் காசு வைத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. கணக்கில் கானாவாழை ஒன்றுதான், மேலே விரிந்ததற்காக.

கரைச்சரிவில் ஆவாரை நிற்கும். வருடம் முழுக்கப் பூக்கிறதே, இதில் என்ன தேட இருக்கிறது என்று தாண்டிவிடாதீர்கள். பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். அதன் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போலப் பிளந்து கொட்டாது. நுனியில் துளை மட்டும் இருக்கும். உப்புக்குப்பியைக் கவிழ்த்துக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் மகரந்தம் வரும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிக்கொண்டு உடம்பை அதிரவிடும். பறக்கும்போது ஒரு சத்தம், பூவில் தொங்கும்போது சுருதி ஏறி வேறொரு சத்தம். காதால் கேட்டே எத்தனை வண்டு வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

தண்ணீர் வற்றும் ஓரத்தில் நீர்முள்ளி. கணுவுக்குக் கணு நீண்ட முள், அதற்கு நடுவே ஊதாநீலப் பூ. கரை மேட்டில் அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிதழ்தாமரை. ஐந்து இதழில் நாலு இருப்பதே தெரியாது, ஒன்று மட்டும் இளஞ்சிவப்பில் நாக்கு நீட்டி நிற்கும். நெருஞ்சி, கோவை, முடக்கத்தான், எருக்கு இவற்றைத் தேட வேண்டியதில்லை, அவையே உங்களைக் கண்டுபிடிக்கும்.

பெயரில் வருகிற வம்பு

இதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். என் முதல் நோட்டில் ‘அவுரி’ என்று ஒன்றை எழுதி வைத்திருந்தேன். ஊதா நிறத்தில் அவரைப்பூ மாதிரி சின்னப் பூ, வரிசை இலை. சாயம் காய்ச்சும் நீல அவுரி என்று நினைத்தேன். அதைப் பார்த்த இலை வியாபாரி ஒருவர், “அவுரின்னா மஞ்சப் பூல்லா பூக்கும்?” என்றார். அவர் சொன்ன அவுரி, மலச்சிக்கலுக்கு மருந்தாக இங்கிருந்து கப்பல் ஏறுகிற நிலாவாரை. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே ‘திருநெல்வேலி சென்னா’. ஆக இரண்டு செடிக்கு ஒரே பெயர். வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்தது இரண்டுமே இல்லை. அது கொழுஞ்சி. வயலுக்குப் பசுந்தாள் உரமாக மிதித்துவிடுகிறார்களே, அந்தக் கொழுஞ்சி.

கொழுஞ்சிக்கு ஒரு சோதனை உண்டு. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்புமுனை மாதிரி கூர்ந்து அறும். உதிர்ந்து கிடக்கும் இலையிலேயே செய்து பார்க்கலாம்.

ஆகாயத்தாமரையும் இப்படித்தான். ஆற்றை அடைத்துக்கொண்டு ஊதாப்பூ பூக்கிறதே, அதை ஒருவர் ஆகாயத்தாமரை என்பார், ஒருவர் வெங்காயத்தாமரை என்பார், செய்தியில் அமலைச்செடி என்று வரும். இலை ரோஜா மாதிரி அடுக்கி மிதக்கும் இன்னொரு செடிக்கும் ஆகாயத்தாமரை என்றே பெயர்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த இடத்துக்காரர்கள் சொல்கிற பெயரை, அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். பிறகு நாலு படம் எடுங்கள்: முழுச் செடி நிற்கிற இடத்தோடு, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், பூ முன்னிருந்து, பூ பக்கவாட்டில். ஏதாவது ஒரு படத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டியை வையுங்கள். வீட்டுக்கு வந்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் அறிவியல் பெயருக்குச் சில யோசனைகள் தரும். மற்ற பயனர்களும் பார்த்துத் திருத்துவார்கள். செயலி முதலில் காட்டுவதை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள். அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டால் போதும். தும்பைக்கு லூகாஸ் ஆஸ்பெரா, கொழுஞ்சிக்கு டெப்ரோசியா பர்பூரியா. அந்தப் பெயர் இருந்தால் அவுரிச் சண்டை வராது.

பெயரே தெரியாவிட்டால் விட்டுவிடக் கூடாது. ‘தெரியாதது 1: முழங்கால் உயரம், எதிர் இலை, வெள்ளைப்பூ, நாலு இதழ், கசக்கினால் வாசனை’ என்று எழுதிவைத்தால் அது எண்ணிக்கையில் சேரும். என் நோட்டில் ‘தெரியாதது 3’ இரண்டு வருடம் தெரியாததாகவே இருந்தது.

கை வைக்கக் கூடாதவை

எண்ணுவதற்குப் பறிக்க வேண்டியதே இல்லை. சிலவற்றைத் தொடவும் வேண்டாம்.

செந்தட்டி முதல் எதிரி. வேலியில் மற்றக் கொடிகளோடு கலந்து, இலையிலும் தண்டிலும் ரோமத்தோடு இருக்கும். ஒருமுறை கோவைப்பூவைப் படம் எடுக்கக் கையை நீட்டி, முழங்கை வரை செந்தட்டியில் உரசி, அன்று எண்ணிக்கை பதினாறோடு நின்றுவிட்டது. பூனைக்காலி இன்னொன்று. ஊதாப்பூ அழகாகத் தொங்கும், ஆனால் அதே கொடியில் முற்றிய காயின் சுணை காற்றில் பறந்து விழுந்தாலே போதும், உடம்பு பூராவும் அரிக்கும். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் படக் கூடாது. பார்த்தீனியம் சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும், பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள் மூன்றும் விஷம். செங்காந்தள் நம் மாநில மலர். கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ என்பதும் இதுதான். பெயருக்கேற்பக் கார்த்திகையில் பூத்துக் குலுங்கி, மார்கழியில் கடைசிப் பூக்கள்தான் வேலியில் மிச்சமிருக்கும். கிடைத்தால் அன்றைய நடை விசேஷம். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கிழங்கைத் தோண்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக மூலிகை என்று கசக்கி வாயில் போடாதீர்கள். கீழாநெல்லி மாதிரியே இருக்கிற செடிகள் பல.

நோட்டில் எழுதுவது

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், கடைசி மழை எப்போது பெய்தது. அதன் கீழே பூத்தவை. அதற்கும் கீழே, தனியாக, பூக்காமல் நின்றவை. இந்தக் கடைசிப் பட்டியலை யாரும் எழுதுவதில்லை. மூன்று நாலு வருடம் ஆன பிறகு அதுதான் ருசியான பகுதி. மழை பொய்த்த வருடம் எது பின்வாங்கியது, எது கவலையே படாமல் பூத்தது என்று அதிலிருந்துதான் தெரியும். அதனால் வருடா வருடம் அதே இடத்துக்கு, ஏறக்குறைய அதே தேதியில் போங்கள்.

முதல் நடையில் இருபது வகை எண்ணினால் நல்ல தொடக்கம். பன்னிரண்டுதான் வந்தது என்றாலும் சோர்ந்து போக வேண்டாம். என் முதல் கணக்கு பதினொன்று, அதிலும் ஒன்று அவுரி.

தேரிக்குப் போகிறவர்களுக்கு

குளத்தில் பழகிய பிறகு, சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். இப்போது அது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை எல்லாம் ஒரே நெல்லைதான். அங்கே செடி எண்ணிக்கை குறைவு. ஆனால் செம்மணல் மேல் கொழுஞ்சியும் நெருஞ்சியும் பூத்துக் கிடப்பது தனி அழகு. மணல் சூடாவதற்குள், ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், வழி தவறும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மடியில் முடிந்து வைத்த அரை மணி

சரி, குளத்துக்கே திரும்புவோம். காலையில் கரையோரம் துத்தியைப் பார்த்திருப்பீர்கள். இதய வடிவ இலை, தொட்டால் வெல்வெட் மாதிரி. சக்கரம் போல, ஓரத்தில் பல் வைத்த காய். அந்தக் காயை மையில் தோய்த்து அச்சுக் குத்தி விளையாடியிருப்போம். காலையில் அதில் காயும் மொட்டும்தான் இருக்கும். விதிப்படி சேர்க்க முடியாது. ‘துத்தி, மொட்டு’ என்று பூக்காதவற்றில் எழுதியிருப்பீர்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல், டீ குடித்துவிட்டு அதே கரைக்குப் போங்கள். காலையில் நின்ற அதே செடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ விரிந்திருக்கும். நடுவில் மகரந்தத்தாள்கள் ஒரு தூணாகச் சேர்ந்து நிற்பதை லென்ஸில் பாருங்கள். பூக்காதவற்றில் எழுதியதை அடித்துவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள். அரை மணியில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருக்கும். வேலியில் காட்டுப்பீர்க்கு ஏதும் மஞ்சளாக விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.